தசைக்கு ஒரு நியாயம், மூட்டுக்கு ஒரு நியாயம் (வெள்ளிக்கிழமை வெட்டிப்பேச்சு)

ரெண்டு வாரமா வெட்டிப்பேச்சைக் காணோமேன்னு யாராச்சும் தேடியிருப்பீங்கன்னு ஒரு நப்பாசை. யாரும் தேடலைன்னாலும் காரணத்தைச் சொல்லிடறேன். எங்க ரூம் இப்போ ரூமா இல்லை, ஆஸ்பத்திரி வார்டா இருக்கு. ஆறு கட்டில்ல ரெண்டுல நோயாளிங்க. ஒண்ணு அடியேன். இன்னொண்ணு மன்னார்குடி அண்ணன்.

முதல்ல என் கதை. எங்க பில்டிங் கீழ்த்தளத்துல ஒரு ஜிம் இருக்கு. ஜிம்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ரெண்டு பெஞ்சு, ஒரு பார், எழுத்து அழிஞ்சு போன பிளேட்டுங்க, சத்தம் போடற ஏசி ஒண்ணு. அங்க நான் தினம் போய் 90 கிலோ டெட்லிஃப்ட் பண்ணிட்டு ஒழுங்கா வந்துட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள் புதுசா ரெண்டு மலையாளிப் பசங்க வந்து நின்னு பார்த்தாங்க. நம்மாளுக்குள்ள இருக்கிற இளவட்டம் சும்மா இருக்குமா? 110 போட்டேன். முட்டியை மடக்காம, இடுப்பை மட்டும் வளைச்சுத் தூக்கற வகை. மூணாவது ரெப்புல பின் தொடையில 'டப்'னு ஒரு சத்தம். யாரோ பின்னாடி கல்லெறிஞ்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. பசங்க ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா வேற பக்கம் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

சரியா பதினொரு நாள் கழிச்சு அண்ணன். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஒரு குடோன்ல லோடு ஏத்தி இறக்கற வேலை அவருக்கு. பகல் பூரா அட்டைப்பெட்டி தூக்குவாரு, ராத்திரி வந்து ஜிம்ல ஸ்குவாட் போடுவாரு. "பகல்ல தூக்கறது கம்பெனிக்கு, ராத்திரி தூக்கறது எனக்குடா தம்பி"ன்னு சொல்லுவாரு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வசனம் அது. அன்னிக்கு கண்டெய்னர்ல இருந்து பெட்டியோட இறங்கும்போது வலது கால் தரையில ஊணினபடி நிக்க, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. முட்டிக்குள்ள 'கடக்'. அப்போ பெருசா வலிக்கலையாம். மறுநாள் காலைல முட்டி பலாக்காய் மாதிரி இருந்துச்சு.

இப்ப ரூம்ல வைத்தியம் ஆரம்பிச்சுது பாருங்க. நம்ம ஊர்ல சினிமாவுக்கும் வைத்தியத்துக்கும் கருத்து சொல்லாத ஆளு கிடையாது. ஒருத்தர் கோடாலித் தைலம்னாரு. (வளைகுடாவுல அது தைலம் இல்லை, தேசிய சின்னம்.) ஒருத்தர் ஐஸ்னாரு, ஒருத்தர் வெந்நீர் ஒத்தடம்னாரு. கும்மிடிப்பூண்டி அண்ணாச்சி "புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும், அடுத்த மாசம் ஊருக்குப் போறேன், வர்றியா"ன்னாரு. அதைவிட முக்கியம், எல்லாரும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் சொன்னாங்க. "நரம்பு இழுத்துக்கிச்சு, பத்து நாள் அசையாம படு." நாங்களும் ஒரே மாதிரி தைலம் தடவி, ஒரே மாதிரி படுத்தோம். தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது.

எனக்கு மாணவர் இன்சூரன்ஸ் இருக்கு, அதுல பிசியோதெரபி பார்க்கலாம்னு மூணாம் நாள்தான் தெரிஞ்சுது. போனேன். அந்தச் சேச்சி தொடையை அமுக்கி, படுக்க வச்சு, குப்புறப் போட்டு, காலை மடக்கச் சொல்லி எதிர்த்துப் பிடிச்சு, அரை மணி நேரம் பார்த்தாங்க. அதுக்குள்ள தொடையில கருநீலமா ரத்தம் கட்டி முட்டிக்குப் பின்னாடி வரைக்கும் இறங்கியிருந்துச்சு. நான் பயந்துட்டேன். "அது பூமியோட ஈர்ப்பு, கிழிஞ்சது மேலதான், ரத்தம் கீழ இறங்குது"ன்னு சிரிச்சாங்க. தசைநார்கள்ல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, முழுசா அறுந்து போகலைன்னாங்க. அப்புறம் கேட்ட கேள்விதான் சூப்பர்: "இன்னிக்கே ஆரம்பிக்கலாமா?"

நான் பத்து நாள் படுக்கணும்னு நினைச்சுக்கிட்டு வந்தவன். அவங்க விளக்கினாங்க. தசைன்றது ரத்தம் நிறைய ஓடற இடம். கிழிஞ்சா வீங்கும், வலிக்கும், ஆனா அங்கயே பழுது பார்க்கற செல்லுங்களும் இருக்கு. கிழிஞ்ச இடத்துல முதல்ல தழும்புத் திசு வரும், அதுல புது நார் வளரும். அந்தப் புது நார் எந்தத் திசையில வளரணும்னு அதுக்குச் சொல்றது எது தெரியுமா? இழுவிசை. நாம அசைச்சாத்தான் நேரா வளரும். அசையாம வச்சிருந்தா கண்டபடி வளர்ந்து, கெட்டியான தழும்பா நின்னுடும். அப்புறம் என்னிக்கோ ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அதே இடத்துக்குப் பக்கத்துல மறுபடி 'டப்'.

வீட்டுக்கு வந்து நோண்டிப் பார்த்தேன். (படிக்கிற பிள்ளைக்கு இதுக்கெல்லாம் நேரம் இருக்கும், பரீட்சைக்குத்தான் இருக்காது.) 2017-ல டென்மார்க்ல ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. தொடை, கெண்டைக்கால் தசை கிழிஞ்ச 50 பேரை ரெண்டு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு அடிபட்ட ரெண்டாம் நாளே பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு ஒன்பதாம் நாள். வித்தியாசம் வெறும் ஒரு வாரம்தான். ஆனா சீக்கிரம் ஆரம்பிச்சவங்க ஏறக்குறைய மூணு வாரம் முன்னாடியே விளையாடப் போயிட்டாங்க. ஒரு வாரம் படுத்ததுக்கு மூணு வாரம் வட்டி! நம்ம ஊர் கந்துவட்டியே தோத்துடும்.

ஐஸ் வைக்கிற கதையும் வேடிக்கைதான். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை - இந்த நாலையும் சேர்த்து 'ரைஸ்'னு பேர் வச்சவர் கேப் மிர்கின்னு ஒரு அமெரிக்க டாக்டர், 1978-ல. முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல உலகமே அதைக் கடைப்பிடிச்சப்புறம், 2014-ல அவரே வந்து "ஐஸும் முழு ஓய்வும் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்"னு எழுதினாரு. வலி குறைய கொஞ்சம் ஐஸ் வச்சா தப்பில்லை, அதுவே மருந்துன்னு நம்பிப் படுத்துக்கறதுதான் தப்பு.

அப்படியா என் பயிற்சி ஆரம்பிச்சுது. முதல் வாரம் குதிகாலைத் தரையில அழுத்திக்கிட்டுப் படுக்கறது, இடுப்பைத் தூக்கிப் பிடிக்கறது, அவ்வளவுதான். அசைவு இல்லை, இறுக்கம் மட்டும். பத்துக்கு மூணு அளவுக்கு வலிச்சா பரவாயில்லை, அதுக்கு மேல போனா குறைச்சுக்கோன்னாங்க. இழுத்து நீட்டற ஸ்ட்ரெட்ச்சிங் மட்டும் முதல்ல கூடவே கூடாதுன்னுட்டாங்க. எங்க ரூம்ல எல்லாரும் அதைத்தான் முதல்ல செய்யச் சொன்னாங்கங்கறது தனி சோகம். ரெண்டாம் வாரம் ஒத்தைக் கால் பிரிட்ஜ், மூணாம் வாரம் வெறும் பாரை வச்சு மெதுவா இறக்கறது. தூக்கறது இல்லை மக்களே, இறக்கறது. பாரம் இருக்கும்போதே தசை நீள்றதுதான் அதுக்குப் பெரிய சோதனை, கிழியறதும் அப்பதான். அதனால அங்கதான் பலப்படுத்தணுமாம். அஞ்சாம் வாரம் 60 கிலோ. இன்னிக்கு ஏழாம் வாரம், 80. பசங்க பார்த்தாலும் 80 தான்.

இந்த இடத்துல நம்ம வேலூர்க்காரரைச் சொல்லாம போனா சாமி குத்தம் ஆயிடும். சதீஷ் சிவலிங்கம். சத்துவாச்சாரி. அப்பா சிவலிங்கமும் பளு தூக்கினவர்தான், முன்னாள் ராணுவ வீரர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரு. அது எல்லாருக்கும் தெரியும். 2018 கோல்ட் கோஸ்ட்ல மறுபடி தங்கம். அதுக்கு முன்னாடி நடந்ததுதான் நமக்கு விசயம். தேசியப் போட்டியில 194 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க் முயற்சி பண்ணும்போது முன் தொடைத் தசையில அடி. பதக்கம் வாங்குவேன்னே நினைக்கலைன்னு அவரே ஜெயிச்சதும் சொன்னாரு. முழு உடல்தகுதி இல்லாமத்தான் போய் நின்னாரு. 144, 173, மொத்தம் 317. கிளாஸ்கோவைவிட 11 கிலோ கம்மி. இங்கிலாந்து ஜாக் ஆலிவர் 312-ல நின்னுட்டதால அந்த 317 தங்கம் ஆச்சு.

எனக்கு அந்த 11 கிலோ ரொம்பப் பிடிக்கும். தசை அடிபட்டவன் குறைச்சுத் தூக்கலாம், அது ஒரு பேரம். அது கிட்ட "இன்னிக்கு இவ்வளவு குடு, மிச்சத்தை அப்புறம் வாங்கிக்கறேன்"னு பேசிப் பார்க்கலாம். மூட்டு கிட்ட அந்தப் பேச்சு நடக்கறது கஷ்டம்.

2022 பர்மிங்காம் காமன்வெல்த். 55 கிலோ பிரிவு. மகாராஷ்டிரா சாங்லிக்காரர் சங்கேத் சர்கர். ஸ்நாட்ச்ல 113, கிளீன் அண்ட் ஜெர்க்ல முதல் முயற்சி 135. மொத்தம் 248, முன்னிலையில இருக்காரு. அடுத்து 139 தூக்கும்போது வலது முழங்கை போச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு மறுபடி வந்து பார்த்தாரு, முடியலை. மலேசியாவோட முகமது அனிக் கடைசியில 142 தூக்கி மொத்தம் 249 ஆக்கிட்டாரு. ஒரே ஒரு கிலோ! மேடையில கையைத் தொட்டில்ல கட்டிக்கிட்டு வெள்ளி வாங்கின படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. லண்டன்ல அறுவைச் சிகிச்சை நடந்துச்சு. அதே போட்டி வகை, அதே மாதிரி தூக்கல். அவரோட தசை 139-ஐத் தாங்கத் தயாராத்தான் இருந்திருக்கும், முழங்கை ஜவ்வு தயாரா இல்லை.

ஏன் இப்படி? மூட்டுக்குள்ள இருக்கிற சாமான்களுக்கு ரத்தம் கம்மி. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது, மூட்டுக்குள்ள இருக்கிற வழவழப்பான திரவத்துல இருந்துதான் அதுக்குச் சாப்பாடு. பஞ்சை நீர்ல அமுக்கி அமுக்கி விடற மாதிரி, பாரம் ஏத்தி இறக்கினாத்தான் அந்தச் சாப்பாடும் உள்ள போகும். முட்டிக்குள்ள ரெண்டு பிறை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ், நம்ம ஆளுங்க மொத்தமா 'ஜவ்வு'ன்னு சொல்றதுல அதுவும் ஒண்ணு. அதோட வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்தம் உண்டு. ஓரத்துல கிழிஞ்சா ஒட்ட வாய்ப்பு இருக்கு, உள்பக்கம் கிழிஞ்சா தானா ஒட்டறது அபூர்வம். லிகமெண்ட்டும் மெதுவாத்தான் ஆறும், மாசக்கணக்கு. முட்டிக்குள்ள குறுக்கே போற முன் ஜவ்வு அறுந்து அதை மாத்திக் கட்டினவங்களைப் பத்தி நார்வேக்காரங்களும் அமெரிக்கக்காரங்களும் சேர்ந்து 2016-ல எழுதினது பிரபலம். ஒன்பது மாசம் வரைக்கும் விளையாட்டுக்குத் திரும்பறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடப் போட, மறுபடி அடிபடற வாய்ப்பு ஏறக்குறைய பாதி பாதியா குறையுதாம். தசையில ஒரு வாரம் சும்மா இருந்தா நட்டம். இங்க ஒரு மாசம் பொறுத்தா லாபம்.

அதுக்காக மூட்டுன்னா படுத்துக்கோன்னு அர்த்தம் இல்லை. இங்கதான் ரொம்பப் பேர் (நானும்) குழம்பறோம். மூட்டுலயும் அசைக்கணும், ஆனா கணக்கு வேற. தசையில வலிதான் மேஸ்திரி. தூக்கும்போதே சொல்லிடும். மூட்டு தூக்கும்போது பேசாது, மறுநாள் காலைல வீங்கித்தான் பதில் சொல்லும். அண்ணன் அடிபட்டப்புறமும் நாலு நாள் வேலைக்குப் போனாரு. வலி மாத்திரை, முட்டிக் கவசம், மேல தைலம். "வலி இல்லையே தம்பி"ன்னாரு. வலி இல்லைதான். அஞ்சாம் நாள் ராத்திரி கட்டில்ல ஏறக் காலை மடக்க முடியலை.

வீக்கத்துல இன்னொரு சூழ்ச்சியும் இருக்கு. முட்டிக்குள்ள தண்ணி சேர்ந்தா முன் தொடைத் தசையை உடம்பே அணைச்சு வச்சுடும், ஃபியூஸைப் புடுங்கின மாதிரி. தசைக்கு ஒண்ணும் ஆகலை, ஆனா வேலை செய்யாது. அதனாலதான் மூட்டு அடிபட்ட ஆளோட தொடை பத்துப் பதினஞ்சு நாள்லயே இளைச்சுத் தொங்குது. அண்ணன் தொடையை நானே பார்த்தேன். ஸ்குவாட் போட்டுத் தேக்குக் கட்டை மாதிரி வச்சிருந்த தொடை.

அண்ணனை டாக்டர் கிட்டக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ஸ்கேன்ல மெனிஸ்கஸ் கிழிசல்னு வந்துச்சு. அவரு முகத்துல அப்பவே ஆபரேஷன் தியேட்டர் லைட்டு அடிச்சிருச்சு. ஆனா டாக்டர் முட்டியை முழுசா நீட்டச் சொல்லிப் பார்த்தாரு. நீட்ட முடிஞ்சுது. "பூட்டிக்கிட்டு நிக்கலை, அதனால அவசரம் இல்லை. மூணு மாசம் பயிற்சி பண்ணுங்க, அப்புறம் பேசலாம்"னுட்டாரு. கழட்டி விடப் பார்க்கறாரோன்னு அண்ணனுக்குச் சந்தேகம். மறுபடி நான் நோண்டினேன். 2013-ல ஃபின்லாந்துல தேய்மானத்தால மெனிஸ்கஸ் கிழிஞ்ச 146 பேர்ல பாதிப் பேருக்கு நிஜ அறுவை, பாதிப் பேருக்குத் தோலைக் கீறிட்டு நடிப்பு அறுவை பண்ணியிருக்காங்க. ஒரு வருசம் கழிச்சு ரெண்டு கோஷ்டியும் ஒரே மாதிரிதான் இருந்தாங்களாம்! 2022-ல டென்மார்க்ல 18 முதல் 40 வயசு வரைக்கும் உள்ளவங்களை வச்சுப் பார்த்திருக்காங்க. உடனே அறுவை, இல்லைன்னா முதல்ல பயிற்சி. ஒரு வருசத்துல பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியில ஆரம்பிச்சவங்கள்ல கால்வாசிப் பேர் அப்புறம் அறுவைக்குப் போனாங்கங்கறதையும் சொல்லிடணும். அண்ணனுக்கு 36 வயசு. "அப்ப முக்கால்வாசிப் பேரு போகலைல்ல?"ன்னு கேட்டாரு. லோடு எண்ற ஆளு, கணக்கு சரியா வரும்.

இப்ப எங்க ரூம்ல தினம் காலைல ஒரு சடங்கு நடக்குது. ரூம்ல டெய்லர் பாய் ஒருத்தர் இருக்காரு, ஆம்பூர்க்காரர். அவரு இஞ்சு டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்து அண்ணன் முட்டியை அளப்பாரு. நல்ல கால் 38.5 செ.மீ. அடிபட்ட கால் முதல் நாள் 41. நேத்துச் செஞ்ச பயிற்சிக்கு இன்னிக்கு அளவு கூடியிருந்தா இன்னிக்குப் பாதிதான். கூடலைன்னா அதே அளவு, இல்லை கொஞ்சம் மேல. பயிற்சியும் பெருசா ஒண்ணும் இல்லை. முட்டிக்குக் கீழ துண்டைச் சுருட்டி வச்சு அமுக்கறது, நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கறது, அதுவும் பாதி ஆழம்தான். ஆழத்தை முதல்ல கூட்டக் கூடாது, திருகறது அறவே கூடாது. பெஞ்ச் பிரஸ் தாராளமா போடலாம். நல்ல காலுக்கும் பயிற்சி குடுக்கச் சொன்னாங்க, அதுல ஒரு ஆச்சரியம்: ஒரு காலுக்குப் பலம் குடுத்தா, சும்மா இருக்கிற காலுக்கும் கொஞ்சம் பலம் போய்ச் சேருமாம். மூளை வழியா நடக்கற விசயம்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஜாதி இருக்கு, தசைநாண். தசையை எலும்போட கட்டற கயிறு. தோள்லயும் முழங்கையிலயும் முட்டிக்குக் கீழயும் ஜிம் பசங்க மாசக்கணக்கா "லேசா வலிக்குது ப்ரோ"ன்னு சொல்றது பெரும்பாலும் இதுதான். ஸ்வீடன்ல ஆல்ஃப்ரெட்சன்னு ஒரு எலும்பு டாக்டர். அவருக்கே குதிகால் நாண்ல வலி. ஆபரேஷன் பண்ணிக்க லீவு கேட்டாரு, மேலதிகாரி குடுக்கலை. சரி, அறுந்தே போனா பண்ணித்தானே ஆகணும்னு வலிக்க வலிக்க அதை வச்சே பயிற்சி பண்ணினாரு. அறுந்து போகும்னு பார்த்தா குணமாயிடுச்சு! 1998-ல அதையே மத்தவங்களுக்குக் குடுத்து எழுதினாரு: தினம் ரெண்டு வேளை, பன்னெண்டு வாரம், படியில நின்னு குதிகாலை மெதுவா இறக்கறது. லீவு தராத மேலதிகாரியால வைத்தியத்துக்கு நல்லது நடந்த ஒரே கதை இதுவாத்தான் இருக்கும்.

ஊசி போட்டுக்கோன்னும் ஒருத்தர் சொன்னாரு. நம்ம ரத்தத்தையே எடுத்துச் சுத்தி, தட்டணுக்களைப் பிரிச்சு, அடிபட்ட தசையில ஏத்தறது. எனக்கு ஆசைதான், விலையைக் கேட்டதும் ஆசை போச்சு. அப்புறம் தெரிஞ்சுது, இதைச் சோதிச்சுப் பார்த்ததே நமக்குப் பக்கத்துலதான், கத்தார் தோஹாவுல இருக்கிற ஆஸ்பெட்டார் ஆஸ்பத்திரியில. (கத்தாருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் குடுத்ததும் ஒரு பளு தூக்கற ஆளுதான்: ஃபாரிஸ் இப்ராஹிம், 2021-ல டோக்கியோவுல, 402 கிலோ.) பின் தொடை கிழிஞ்ச 90 வீரர்களை மூணு கூட்டமா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு இந்த ஊசி, ஒரு கூட்டத்துக்குத் தட்டணு குறைஞ்ச ஊசி, ஒரு கூட்டத்துக்கு ஊசியே இல்லை. பயிற்சி எல்லாருக்கும் பொது. 2015-ல வெளியான முடிவு: பயிற்சியோட ஊசி போட்டவங்களுக்கும் ஊசியே போடாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் பர்ஸ் தப்பிச்சுது.

சரி, இதுவரைக்கும் சொன்னது உடம்பு. இனிமே சொல்றதுதான் எனக்குத் தூக்கம் வராத விசயம்.

எனக்கு அடிபட்டது ஜிம்ல. வகுப்புக்கு நொண்டிக்கிட்டுப் போனேன், யாரும் சம்பளத்தைப் பிடிக்கலை. அண்ணனுக்கு அடிபட்டது வேலையில. ஆனா சூப்பர்வைசர் கேட்டப்போ அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? "ஜிம்ல ஆச்சு சார்." டாக்டர் சீட்டுலயும் அப்படியே எழுதிட்டாங்க.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"போன வருசம் ஒருத்தனுக்கு லோடு தூக்கி இடுப்பு போச்சு. அடுத்த விசா ரினியூ பண்ணலை, ஊருக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு இன்னும் மூணு மாசத்துல ரினியூவல். தங்கச்சி கல்யாணக் கடன் பாதி நிக்குது. ஜிம்ல ஆச்சுன்னா பத்து நாள்ல சரியாயிடும்னு நினைச்சுக்குவாங்கல்ல?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. சட்டத்தைப் புரட்டினேன். இங்க 2021-ல வந்த தொழிலாளர் சட்டப்படி (33-ம் எண்), சாதாரண நோய் விடுப்புன்னா வருசத்துக்கு 90 நாள். முதல் 15 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 30 நாளுக்குப் பாதி, மிச்சத்துக்கு ஒண்ணும் இல்லை. வேலையில பட்ட காயம்னா கதையே வேற. வைத்தியச் செலவு முதலாளியோடது. குணமாகற வரைக்கும், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும், எது குறைவோ அதுவரைக்கும் முழுச் சம்பளம். அதுக்கு மேல இழுத்தா இன்னும் ஆறு மாசம் பாதிச் சம்பளம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. தசைக் கிழிசல்னா 15 நாளோட முடிஞ்சிருக்கும், பொய்யும் செல்லுபடி ஆகியிருக்கும். மூட்டு 15 நாள்ல முடியாது. மூணு மாசம். "ஜிம்ல ஆச்சு"ங்கற ஒரு வார்த்தையால அவரு முழுச் சம்பளத்துல இருந்து பாதிக்கு, பாதியில இருந்து பூஜ்யத்துக்கு இறங்கிக்கிட்டு இருக்காரு. பாதிச் சம்பளத்துக்குப் பயந்து மறுபடி பெட்டி தூக்கப் போனா முட்டி 41-க்குப் போகும். ரெண்டு வருசமா பகல்ல தூக்கற பாரத்தோட ராத்திரி ஜிம் பாரத்தையும் சேர்த்து அந்த முட்டி தாங்கியிருக்கு, அதையும் மறைக்கலை. ஆனா அன்னிக்கு அவரு கையில இருந்தது டம்பெல் இல்லை, கம்பெனிப் பெட்டி.

மூணு ராத்திரி ரூம்ல விவாதம். "சொன்ன பொய்யை மாத்தினா இன்னும் மோசம்"னு ஒரு கட்சி. "மாத்தலைன்னா முட்டியும் போச்சு, வேலையும் போச்சு"ன்னு ஒரு கட்சி. டைப்பிங் சென்டர்ல வேலை பார்க்கிற கும்மிடிப்பூண்டி அண்ணாச்சி (புத்தூர் கட்டு புகழ்) கடைசியில "நடந்ததை நடந்தபடி எழுதிக் குடு"ன்னு சொல்லி அவரே எழுதினாரு. அன்னிக்குப் பக்கத்துல நின்னது ஒரு பட்டான் டிரைவர். அவரை அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டாரு, நான் பார்த்ததைச் சொல்றேன்னு ஒரே பேச்சுல கையெழுத்துப் போட்டுட்டாரு. அவருக்கும் விசா இருக்கு, அவருக்கும் ரினியூவல் வரும்.

கடிதம் குடுத்துப் பன்னெண்டு நாள் ஆச்சு. பதில் வரலை. இப்போதைக்கு அண்ணனைப் பெட்டிக்கு லேபிள் ஒட்டற இடத்துல உட்கார வச்சிருக்காங்க. அது கருணையா, காத்திருக்கச் சொல்றதான்னு எங்களுக்குப் புரியலை. பதில் வரலைன்னா தொழிலாளர் அமைச்சகத்துல புகார் குடுக்கலாம்னு அண்ணாச்சி சொல்றாரு. அண்ணன் இன்னும் சரின்னு சொல்லலை. வேண்டாம்னும் சொல்லலை.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. ஷார்ஜாவுல 2022-ல இருந்து அரசாங்கத்துக்கு மூணு நாள் லீவு, எங்க காலேஜும் அப்படியே. குடோனுக்கு அதெல்லாம் கிடையாது. காலைல டெய்லர் பாய் அளந்தாரு. 39.2. நேத்தும் அதேதான். "ஏறலைல்ல, அப்ப இன்னிக்குப் படி இறங்கிப் பார்க்கறேன்"னாரு அண்ணன். லிஃப்ட் வழக்கம்போல ரிப்பேரு, எப்படியும் இறங்கித்தான் ஆகணும். நாலு மாடி. ஒரு கை கைப்பிடியில, ஒவ்வொரு படிக்கும் அடிபட்ட காலை முதல்ல கீழ வச்சு, அப்புறம் நல்ல காலு. நான் அவரு சாப்பாட்டுத் தூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போனேன். மூணாவது மாடியில நின்னு மூச்சு வாங்கிட்டு, "உன் தொடை எப்படிடா தம்பி இருக்கு?"ன்னு கேட்டாரு. 80 போட்டுட்டேண்ணேன்னு சொன்னேன்.

"பசங்க பார்த்தாங்களா?"ன்னாரு.

டிஸ்கி: அடியேன் டாக்டர் இல்லை, டாக்டருக்குப் படிக்கவும் இல்லை. 'டப்'னு சத்தம் கேட்டு அந்த இடத்துல பள்ளம் விழுந்தா, மூட்டு அடிபட்ட ரெண்டு மணி நேரத்துக்குள்ள வீங்கினா, முட்டி பூட்டிக்கிட்டு நீட்டவே வரலைன்னா, கால் மரத்துப் போனா, இந்தப் பதிவைப் படிச்சுக்கிட்டு இருக்காம எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. எந்த இடத்துல அடிபட்டுச்சுன்னு கேட்டா அந்த இடத்தையே சொல்லுங்க.